இடுப்புப் பிடிப்பு என்று நினைத்தது குடல்வாலாம்: வலி போன பிறகும் ஆபரேஷன் தேவையா?

தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 53 வயது ஆச்சி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை செய்து ஆர்டருக்குக் கொடுப்பவர். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன ஆடியில், மாவு அண்டாவைத் தூக்கி வைத்த அன்றைக்கு இரவு வலது இடுப்பில், பின்பக்கமாக வலி தொடங்கியிருக்கிறது. பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டிருக்கிறார்கள். பெரியாத்தா ஒருவர் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் நீர் போகும்போது கடுப்பு. சோதித்ததில் சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்ததால் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை தந்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் "சிறுநீரகத்தில் கல் இல்லை, அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை" என்று வந்திருக்கிறது. ஐந்தாம் நாள் குளிர்காய்ச்சல். அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் விஷயம் தெரிந்தது: பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ், 12 மி.மீ. வீங்கி, உள்ளே ஒரு சிறு கல்லோடு, பக்கத்தில் 3 செ.மீ.க்குச் சீழ் கட்டி இருந்திருக்கிறது. ஆறு நாள் ஊசி மருந்து போட்டதில் சரியாகி வீடு திரும்பிவிட்டார். "ஆறு வாரம் கழித்து வாருங்கள், பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்துவிட்டு, லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாக, குடல்வாலை எடுத்துவிடலாம்" என்று அறுவை மருத்துவர் சொல்லி இப்போது நாலு வாரம் ஆகிறது.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "இப்போதெல்லாம் மருந்திலேயே குணமாக்குகிறார்கள், வெட்ட வேண்டாம்" என்கிறார். கொழுந்தனார், "துளை போட்டு டி.வி. பார்த்துச் செய்வதை விட, திறந்து கண்ணால் பார்த்துச் செய்வதுதான் பாதுகாப்பு" என்கிறார். "தீபாவளி ஆர்டர், கல்யாண ஆர்டர் எல்லாம் முடியட்டும், தை பிறந்ததும் பார்க்கலாமா? முதலில் தப்பாகச் சொன்ன டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்கலாமா?" என்று ஆச்சி கேட்கிறார்.

ஆச்சி, நீங்கள் வலியில்லாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு ஆறுதல். வலியோடு எழுதியிருந்தால் என் பதில் ஒரே வரிதான்: எழுதிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இப்போது யோசிக்க நேரம் இருக்கிறது. ஆனால் தை வரைக்கும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வலி ஓரிடம், நோய் ஓரிடம்

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சுண்டுவிரல் போல 6 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய். அதன் அடிப்பகுதி எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கும். நுனிதான் ஆளுக்கு ஆள் மாறும். கொல்லையில் முளைக்குச்சியில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி. குச்சி அசையாது, கன்று எந்தப் பக்கம் படுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. பலருக்குப் பெருங்குடலுக்குப் பின்னால் ஏறிப் படுத்திருக்கும். சிலருக்கு இடுப்புக்குழிக்குள் தொங்கும்.

புத்தகத்தில் உள்ளபடி குடல்வால் அழற்சி வந்தால், முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, பசியின்மை, ஒரு வாந்தி, அரை நாள் ஒரு நாளில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும், அங்கே தொட்டால் துள்ளும். இது எல்லோருக்கும் இப்படியே வருவதில்லை. உங்களுக்கு வீங்கிய குடல்வாலுக்கும் வயிற்றின் முன்சுவருக்கும் நடுவில் பெருங்குடல் ஒரு தலையணை போலக் கிடந்திருக்கிறது. அதனால்தான் வயிற்றை அழுத்திப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். "வலது காலை மடக்கி வைத்துக்கொண்டால்தான் படுக்க முடிந்தது, நீட்டினால் உயிர் போனது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் துப்பு. முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் ஒரு பெரிய தசை இருக்கிறது. பின்னால் படுத்திருக்கும் குடல்வால் அந்தத் தசையின் மேல்தான் சாய்ந்திருக்கும். காலை நீட்டினால் தசை இழுபடும், புண்ணான இடம் உரசும். அண்டா தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நீங்கள் நினைத்ததில் வியப்பில்லை, பிடிப்பும் இப்படித்தான் வலிக்கும். ஆனால் பிடிப்புக்குப் பசி அடங்காது, காய்ச்சல் வராது. உங்களுக்கு முதல் நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சிறுநீர்க் கடுப்பும் அப்படித்தான். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய் குடல்வாலுக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் சுவரும் சுடும் இல்லையா? சிறுநீரில் கொஞ்சம் சீழ் அணுக்கள் வந்தால் உடனே அது சிறுநீர்த் தொற்றுதான் என்று முடிவுகட்ட முடியாது.

குடல்வால் அழற்சிதானா என்று கணிக்க மருத்துவர்கள் கையில் ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு. 1986ல் அல்வராடோ என்ற மருத்துவர் வகுத்தது, மொத்தம் 10 மதிப்பெண். வலி இடம் மாறியதா, அதற்கு 1. வலது அடிவயிற்றில் அழுத்தினால் வலிக்கிறதா, 2. அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் வலிக்கிறதா, 1. உங்களுக்கு இந்த நாலும் கிடைக்காது. நோய் முற்றிக்கொண்டிருக்கும்போதே கணக்கு குறைத்துக் காட்டும். சர்க்கரை உள்ளவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் இவர்களிடமும் நோய் இப்படி முகம் மாறி வருவது சகஜம்.

எண்ணெய் போட்டு உருவியதையும் விளக்கெண்ணெயையும் பற்றி உங்கள் மேலோ பெரியாத்தா மேலோ குறை சொல்ல மாட்டேன், அக்கறையில் செய்தது. ஆனால் இனி வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாத வயிற்று வலிக்கோ, காய்ச்சலோடு வரும் இடுப்பு வலிக்கோ இரண்டையும் செய்யாதீர்கள். வீங்கிச் சீழ் பிடித்த குழாயை அழுத்தி உருவுவதும், பேதிக்குக் கொடுத்துக் குடலை முடுக்குவதும் அதை உடையவைக்கக் கூடும். இன்னொன்றும் இருக்கிறது. கடுமையாக வலித்துக்கொண்டிருந்தது திடீரென்று தணிந்தால் "அப்பாடா" என்று இருக்கும். சில நேரம் அது குழாய் உடைந்ததால் வரும் தணிவு. சில மணி நேரத்தில் வயிறு முழுக்கப் பரவி, பலகை மாதிரி இறுகிவிடும்.

"தெரியவில்லை" என்றால் "நன்றாக இருக்கிறது" என்று அர்த்தமில்லை

அல்ட்ராசவுண்ட் ஒலியலைகள் குடலில் இருக்கும் காற்றைத் தாண்டிப் போகாது. பெருங்குடலுக்குப் பின்னால் இருக்கும் குடல்வாலை அதில் பார்ப்பது சிரமம். "அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால், பார்க்க முடியவில்லை என்றுதான் பொருள். நீங்களும் வீட்டாரும் அதை "அப்பெண்டிக்ஸ் இல்லை" என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டீர்கள். அந்த இரண்டு நாளில்தான் சீழ் கட்டியிருக்க வேண்டும். சந்தேகம் விலகாவிட்டால் அடுத்தபடி சி.டி. ஸ்கேன். கர்ப்பிணி என்றால் எம்.ஆர்.ஐ.

சரி, முதலில் பார்த்த மருத்துவர் விஷயத்துக்கு வருகிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையின் இரவுப் பணியில், விலா ஓரம் வலி என்று வந்த ஒரு விவசாயிக்குச் சிறுநீரகக் கல் என்று ஊசி போட்டு அனுப்பினேன். வலி குறைந்தது, கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தார். வயிற்றைத் திறந்தபோது வந்த சீழ் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பின்னால் மறைந்திருந்த குடல்வால்தான். பிழைத்தார், ஆனால் வாரக்கணக்கில் வார்டில் கிடந்தார். அன்றிலிருந்து வயிற்று வலிக்காரர் யாரையும், "குறையாவிட்டால் நாளைக்கே வாருங்கள், காய்ச்சல் வந்தால் இரவே வாருங்கள்" என்று சொல்லாமல் அனுப்பியதில்லை.

அந்த ஒரு வார்த்தையை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அது குறைதான், நான் மறைக்க மாட்டேன். ஆனால் நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தது எல்லாமே சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. கணிப்பில் நேரும் பிழை வேறு, கவனமின்மை வேறு என்று 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் சிறுநீர்ச் சோதனை கண்ணெதிரே இருக்கும்போது தொற்று என்று நினைத்தது நியாயமான கணிப்புக்குள்தான் வரும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் போக விரும்பினால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

எது எப்படியானாலும் ஒரு காரியத்தை உடனே செய்யுங்கள். இரண்டு மருத்துவமனைகளிலும் உங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. சி.டி. ஸ்கேனின் குறுந்தகட்டையும் சேர்த்து வாங்குங்கள். இது சண்டைக்கு மட்டுமல்ல, உங்களுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவருக்கு அதுதான் வரைபடம். இன்னொரு அறுவை மருத்துவரிடம் காட்டி இரண்டாம் கருத்து கேட்கவும் உதவும். அப்படிக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருந்தே போதுமா?

உங்கள் மகன் படித்தது பொய்யில்லை. பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், சிக்கலில்லாத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் 100 பேரில் 39 பேருக்குத் திரும்ப வந்தது, மற்றவர்கள் கத்திபடாமலே தப்பினார்கள். அமெரிக்காவில் 2020ல் வெளியான பெரிய ஆய்வில் 90 நாளுக்குள் 10 பேரில் 3 பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது. குடல்வாலுக்குள் கல் இருந்தவர்களுக்கு அது 10ல் 4 ஆனது. பின்லாந்து ஆய்வில் கல் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை.

உங்களுக்குக் கல் இருக்கிறது. சீழும் கட்டியது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், கல்லைக் கரைக்காது. குழாயை அடைத்துக்கொண்டு நோயைத் தொடங்கிவைத்த கல் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் 30 வயதுக்காரராக, கல் இல்லாதவராக இருந்திருந்தால், "காத்திருந்து பார்க்கலாம்" என்று நானே சொல்லியிருப்பேன். சீழ் கட்டி மருந்தில் ஆறியவர்களில் திரும்ப வருவது எட்டில் ஒருவருக்கு முதல் நான்கில் ஒருவருக்கு வரைதான். உங்கள் விஷயத்தில் என் மனதை மாற்றுவது கல்லை விடவும் வயது. 40 தாண்டியவர்களுக்குக் குடல்வால் இப்படிச் சிக்கலாகி வரும்போது, சிலருக்கு அதற்குள்ளேயோ, அது பெருங்குடலில் சேரும் இடத்திலோ சீழ்க்கட்டி அல்லாத, திசு வளர்ந்து உண்டாகும் கட்டி இருந்து, அதுவே அடைப்புக்குக் காரணமாக இருக்கிறது. உலக அவசர அறுவை மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் இதை 100ல் 3 முதல் 17 பேர் வரை என்று கணக்கிட்டிருக்கிறது. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையும், மறுபடி ஒரு சி.டி.யும் எடுக்க வேண்டும் என்று அதில் பரிந்துரை இருக்கிறது.

பயந்துவிடாதீர்கள் ஆச்சி. இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் இல்லை என்று தெரிந்துகொள்ள, குடல்வாலை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதைத் தவிர உறுதியான வழி கிடையாது. உள்நோக்கி பெருங்குடலைக் காட்டும், குடல்வாலுக்குள் நுழையாது. உங்கள் மருத்துவர் காசுக்காக ஆபரேஷனுக்கு இழுக்கிறார் என்றும் கொழுந்தனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள், அது சரியில்லை. அவர் சொன்ன வரிசையே எனக்கும் சரியாகப் படுகிறது.

துளையா, கீறலா?

"கண்ணால் பார்த்துச் செய்வது" என்ற கொழுந்தனாரின் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். வலது அடிவயிற்றில் போடும் சின்னக் கீறல் வழியாக, பின்னால் மறைந்திருக்கும் குடல்வாலைப் பார்ப்பது கஷ்டம். கீறலை மேலே இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கும். லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் வழியாக நுழையும் கேமரா உள்ளிருந்து பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கல்லீரல் அடியிலிருந்து கர்ப்பப்பை, சினைப்பை வரை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். வலி புதிராக வந்தவர்களுக்கு இந்த ஒரு சுற்றுதான் பெரிய லாபம்.

இந்த முறையில் முதன்முதலில் குடல்வாலை எடுத்தவர் குர்ட் செம் என்ற ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர், 1980ல். அப்போது அங்கிருந்த அறுவை மருத்துவர்களிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. இன்று அதுதான் வழக்கமான முறை.

முழு மயக்கம் கொடுத்த பின், தொப்புளில் 10 மி.மீ. துளை ஒன்று, அடிவயிற்றில் 5 மி.மீ. துளை இரண்டு போடுவார்கள். வயிற்றைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடிக்க கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். கோலி சோடாவில் இருக்கும் அதே வாயுதான். ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். "கேஸ் நெஞ்சுக்கு ஏறிவிடும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் தோள்பட்டையில் ஒரு வலி வரும், அதைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் ஒரே நரம்பு வழி என்பதால் வருவது. நடக்க நடக்கப் போய்விடும். அப்புறம் மேசையைச் சாய்த்து, சிறுகுடலை ஒதுக்கி, பெருங்குடலின் ஓரத்தை மெல்லப் பிரித்து முன்னால் புரட்டி, குடல்வாலுக்கு வரும் ரத்தக் குழாயை அடைத்து, அடியில் சுருக்கு நூல் போட்டு வெட்டி, ஒரு சின்னப் பைக்குள் போட்டு தொப்புள் வழியாக எடுப்பார்கள்.

துளை முறையில் தழும்பில் தொற்று குறைவு. சர்க்கரை உள்ளவருக்கு இது சாதாரண லாபம் இல்லை. வலியும் குறைவு, எழுந்து நடப்பதும் சீக்கிரம். ஆனால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தக்கசிவு, உள்ளே மறுபடி சீழ், குடலில் காயம் எல்லாம் அரிதாக நேரும். உங்களுக்குச் சீழ் கட்டி ஆறிய இடம் என்பதால் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரிக்க முடியாவிட்டால் அப்போதே கீறல் போட்டுச் செய்ய வேண்டிவரும். அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள், உங்கள் பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போடும் முன் இதைப் பேசிவிடுங்கள். கீறலுக்கு மாற நேர்ந்தால் சம்மதமா, சந்தேகமான கட்டி தெரிந்தால் பெருங்குடலின் ஒரு பகுதியை அப்போதே எடுக்கலாமா, இல்லை உங்களை எழுப்பிக் கேட்டுவிட்டு இன்னொரு நாள் செய்ய வேண்டுமா என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உயிராபத்து இருந்தாலொழிய, நீங்கள் சம்மதிக்காத ஒன்றைச் செய்யக் கூடாது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். தயங்காதீர்கள்.

செலவு பற்றி: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை ராஜாஜி மருத்துவமனையோ உங்களுக்கு எட்டும் தூரம்தான், அங்கும் விசாரியுங்கள்.

தீபாவளியும் அண்டாவும்

இப்போது ஆவணி. புரட்டாசி முதல் வாரத்தில் ஆபரேஷன் முடிந்தால், ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். பத்து நாளில் உட்கார்ந்து மாவு பிசைவதை மேற்பார்வை பார்க்கலாம். நாலு வாரத்துக்கு அண்டா தூக்கக் கூடாது, தேன்குழல் அச்சை வயிற்றில் அண்டக் கொடுத்துப் பிழியவும் கூடாது. தொப்புள் துளை வழியாகக் குடல் பிதுங்கும் ஆபத்து அதனால்தான் வரும். கீறல் போட நேர்ந்தால் ஆறு வாரம். ஐப்பசி ஆர்டரைக் குறைத்து ஏற்றுக்கொள்ளுங்கள், அச்சுப் பிழிய ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தை வரை தள்ளினால், கார்த்திகை கல்யாண ஆர்டர் நடுவில், எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது மறுபடி வலி வந்து, நடு இரவில் கார் பிடித்து ஓட வேண்டியிருக்கலாம். அப்போது செய்யும் அவசர ஆபரேஷன் இப்போது திட்டமிட்டுச் செய்வதை விடக் கடினமானது.

அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையை இப்போதே எடுங்கள். நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் இருக்கிறது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை அது. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். உள்நோக்கிப் பரிசோதனைக்கு முதல் நாள் குடல் சுத்தப்படுத்த மருந்து குடித்து, சாப்பாடும் குறையும் என்பதால், அதற்கும் சர்க்கரை மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். சீட்டை மயக்க மருத்துவரிடமும் அறுவை மருத்துவரிடமும் காட்டி, எதை எந்த நாளில் நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதய மருத்துவர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இடையில் காய்ச்சல், வாந்தி, பழைய இடுப்பு வலி, காலை நீட்ட முடியாத வேதனை இதில் எது வந்தாலும் குறித்த தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. சர்க்கரை இறங்கும் அறிகுறி தெரிந்தால் மட்டும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள், போனதும் அதை அங்கே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எடுத்த குடல்வாலைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள், தீபாவளி வேலையும் தொடங்கியிருக்கும். தையல் ஆறிவிட்டது என்று அந்தக் காகிதத்தை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். மகனை விட்டு மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், கையில் வந்ததும் அறுவை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.